தொண்டர்கள் நடத்தும் மலையக நிகழ்வுகளுக்கு ஆலோசகர்கள் தேவை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொகவந்தலாவைப் பகுதியில் உள்ள ஒரு தோட்டத்தில், ஒவ்வொரு போயா (பௌர்ணமி) தினத்தன்று மாலையும் சிறுவர்களுக்காகவும் இளைஞர்களுக்காகவும் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு வாசிப்பு, கலை நிகழ்வை நடத்தி வருகிறோம். அது எங்கள் கைக்கு அடங்காத அளவுக்கு வளர்ந்தபோது வெளியாரின் ஆலோசனையை நாடினோம். அந்த அனுபவத்தை உங்கள் பத்திரிகை வாயிலாக மலையக வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். விளம்பரம் தேடுவது என் நோக்கமன்று என்பதால் நிகழ்வின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, அப்புத்தளை என்று மலையகமெங்கும் இதே நிலையில் நிற்கும் இளைஞர் குழுக்கள் பல இருக்கின்றன. அவர்களுக்கு இக்கடிதம் ஒரு சிறிதாவது பயன்பட்டால் போதும்.

2022ஆம் ஆண்டில் நாடு எரிபொருளுக்கு வரிசையில் நின்றதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வருட மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பிறகு எரிபொருள் இல்லாமையால் பாடசாலைகளும் மூடப்பட்டன. லயத்துப் பிள்ளைகள், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில் வாழும் பிள்ளைகள், மாலையானால் இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், கோயில் மண்டபத்தில் இரண்டு குப்பி விளக்குகளை ஏற்றி வைத்து, இருபது பிள்ளைகளைச் சுற்றி அமர்த்தி, நாங்கள் மூவர் கதை வாசித்தோம். ஆரம்பம் அவ்வளவுதான். போயா தினத்தைத் தெரிவு செய்ததற்குக் காரணங்கள் இருந்தன. அன்று பொது விடுமுறை என்பதால் கொழும்பில் வேலை செய்யும் இளைஞர்கள் பலர் ஊருக்கு வருவார்கள், மதுக்கடைகள் மூடியிருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, நிகழ்வு முடிந்து மேட்டு லயத்துக்கு ஏறிப் போகும் பிள்ளைகளுக்கு, வானம் தெளிவாக இருந்தால், நிலா வெளிச்சம் துணைக்கு வரும்.

இன்று ஆறு தோட்டப் பிரிவுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். சாதாரண மாதத்திலேயே முந்நூறு பேர் வரையில் கூடுகிறார்கள். வாசிப்பாகத் தொடங்கிய மாலைக்குள் தப்பிசை வந்தது, நாடகம் வந்தது, சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுவோருக்கான கணித வகுப்பு வந்தது. தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த பாட்டிமார் தாமாகவே வந்து பாடத் தொடங்கினார்கள். மூவராக இருந்த தொண்டர்கள் இருபத்தாறு பேரானோம். ஒலிபெருக்கி, அதற்கான பொலிஸ் அனுமதி, மண்டபத்துக்குத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம், பிள்ளைகளுக்குத் தேநீரும் பணிஸும், தூரப் பிரிவுகளுக்கு வேன் என்று வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. எவரும் எவருக்கும் பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கவில்லை. கண்ணில் பட்ட வேலையைக் கையில் எடுத்தவர் செய்தார். அப்படியே காலம் ஓடியது.

ஒரு கார்த்திகை மாதப் போயாவன்று, இரவு எட்டரை மணியிருக்கும், நிகழ்வு முடிந்து நாங்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, தலையில் படங்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒரு தாய் தன் எட்டு வயது மகளைத் தேடி மண்டபத்துக்குள் வந்தார். பிள்ளை யாருடன் போனாள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பெயர்ப் பட்டியல் ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் வந்தவர்களின் பெயர்கள் இருந்தனவேயன்றி, யார் எப்போது யாருடன் திரும்பினார்கள் என்ற குறிப்பு எதுவும் இல்லை. டோர்ச் வெளிச்சத்தில், அட்டைகள் நெளியும் தேயிலை மலைக் குறுக்குப் பாதைகளில், முக்கால் மணித்தியாலம் அவளுடைய பெயரைக் கூவிக்கொண்டு நடந்தோம். பிள்ளை கீழ்ப் பிரிவிலுள்ள சித்தியின் வீட்டில் சோறு தின்றுவிட்டு உறங்கிக்கொண்டிருந்தாள். அந்தத் தாய் எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. "பரவாயில்ல டீச்சர், புள்ள கெடைச்சிட்டாளே" என்று சொல்லிவிட்டு, மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இருட்டுக்குள் ஏறிப் போனார். ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மறு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடிப் பேசினோம். இரண்டு மணித்தியாலம் பேசியும் எவரும் உண்மையைத் தொடவில்லை. எங்களில் ஒருவர் இன்னொருவரின் மாணவர். ஒருவர் இன்னொருவரின் மைத்துனர். ஒருவர் தன் சம்பளத்தில் ஒலிவாங்கி வாங்கித் தந்தவர். கூலியில்லாமல் உழைப்பவரிடம் "நீங்கள் செய்தது பிழை" என்று சொல்ல எவருக்கு நா எழும்? அன்றுதான் எனக்கு ஒன்று புரிந்தது. எங்களிடம் உழைப்புக்கும் பாசத்திற்கும் குறைவில்லை. எங்களுக்கு நன்றிக்கடன் எதுவும் இல்லாத, எங்கள் மனம் நோகுமே என்று கேள்வியை விழுங்கிக்கொள்ளாத ஒருவர்தான் எங்கள் நடுவில் இல்லை.

அப்படி முதலில் வந்தவர், கூட்டுறவுச் சங்கக் கணக்குகளைப் பல வருடங்கள் பரிசோதித்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். கணக்கைக் கேட்டார். எங்கள் கணக்கு ஒரு சீ.ஆர். கொப்பியில் இருந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, வரி வரியாகப் படித்தார். "தேயிலை, சீனி – 1,850" என்ற வரியைத் தாண்டி, "அண்ணாவிடம் வாங்கியது – 5,000" என்ற வரியில் அவருடைய விரல் நின்றது. "எந்த அண்ணா?" என்று கேட்டார். எங்களுக்கு அண்ணாமார் நால்வர் இருந்தார்கள். "கடனா, நன்கொடையா?" என்று கேட்டார். எழுதியவருக்கே நினைவில்லை. களவு எதுவும் நடக்கவில்லை என்பதை அவர் உடனே சொன்னார். ஆனால் நாளைக்கு எவராவது களவு என்று சொன்னால் இல்லையென்று நிரூபிக்க எங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது என்பதையும் சொன்னார். பிறகு கொப்பியை மூடிவிட்டு, தொடங்கிய எங்கள் மூவரையும் பார்த்து, "நீங்கள் மூன்று பேரும் ஒரு மாதத்திற்கு ஊரில் இல்லையென்றால் அடுத்த போயாவுக்குக் கதவைத் திறப்பது யார்?" என்று கேட்டார். மண்டபத்துச் சாவி என் கைப்பையில் இருந்தது. மாற்றுச் சாவி கிடையாது.

வெளியார் வந்து புத்தி சொல்வது என்றால் மலையகத்தவருக்குத் தயக்கம் வருவது நியாயமானதே. எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்பதைக் கூட தொழிலாளரைக் கூட்டி வேலை பிரிக்கும் விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் வேறொருவர் தீர்மானிக்க, அதன்படி நடந்தவர்கள் எங்கள் முன்னோர். எங்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், எங்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கிட்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் எங்களைப் பற்றி எங்களைக் கேட்காமலே எழுதப்பட்டவை. பெரிய உதாரணங்களை விட்டுவிட்டு எங்கள் சிறிய நிகழ்வை எடுத்துக்கொண்டாலும், ஓர் அமைப்பினர் வந்து, ஒரு வருடச் செலவையும் தாம் ஏற்பதாகச் சொல்லி, பதிலுக்கு மேடையின் பின்னால் தங்கள் பதாகை இருக்க வேண்டும், எந்தப் பிள்ளை எந்தக் கதையை வாசிப்பது என்பதைத் தங்கள் அலுவலகத்துக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்றார்கள். நாங்கள் மறுத்தோம். அந்த மாதம் பணிஸ் இல்லாமல் வெறும் தேநீரோடு நிகழ்வை நடத்தினோம். ஆகவே "வெளியார் வேண்டாம், நம் பிள்ளைகளை நாமே பார்த்துக்கொள்வோம்" என்று எங்கள் தொண்டர்களில் பாதிப்பேர் சொன்னபோது அந்தக் குரலை நான் குறைத்து மதிக்கவில்லை.

அதேவேளை, வெளியிலிருந்து வந்தவர் என்பதாலேயே ஒருவர் அந்நியராகிவிடுவதில்லை என்பதும் எங்கள் வரலாற்றில் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தோட்டந்தோட்டமாகப் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். அவ்வளவு தூரம் போவானேன்? நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு அயல் தோட்டத்திலிருந்து ஒரு வாத்தியார் வருவார். மூன்று வாரம் தங்குவார். வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சோறு போடுவார்கள். அடவு பிழைத்தால் எவருடைய மகன் என்று பாராமல் தப்பை நிறுத்திவிட்டுத் திருத்துவார். ஆனால் ரதி வேடம் யாருக்கு, மதன் வேடம் யாருக்கு, கம்பம் ஊன்றுவது எந்த நாள் என்பதையெல்லாம் தோட்டத்துப் பெரியவர்கள்தான் தீர்மானிப்பார்கள். அவர் அதில் தலையிட மாட்டார். காமன் தகனம் முடிந்த மறுநாள் வேட்டி, வெற்றிலை பாக்கு, கையில் ஒரு தொகையோடு அவரை வழியனுப்பி வைப்பார்கள். ஆலோசகர் ஒருவரை எப்படி அழைப்பது, எப்படி மதிப்பது, எங்கே நிறுத்துவது என்பதை எங்கள் தாத்தாமார் எவரிடமும் போய்ப் படிக்கவில்லை. எங்கள் தயங்கிய தொண்டர்களை இணங்க வைத்தது இந்த நினைவுதான்.

இங்கே ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் சமூகத்தில் வெளியாருக்கு நாம் வைத்திருக்கும் இடம் பிரதம அதிதியின் நாற்காலி. பொன்னாடை போர்த்துகிறோம், மாலை போடுகிறோம், அழைப்பிதழில் "போஷகர்" என்று பெயரை அச்சிடுகிறோம். அவர் அரை மணித்தியாலம் பேசுகிறார், பிள்ளைகள் பசியோடு காத்திருக்கிறார்கள், அவர் போய்விடுகிறார். மறுபடி அவரைக் காண்பது அடுத்த ஆண்டு விழாவில்தான். அவருடைய அனுபவமெல்லாம் நமக்குப் பயன்படாமலே போய்விடுகிறது. அது அவருடைய குற்றமும் ஆகாது. நாம் அவரிடம் எதையும் கேட்கவில்லை. ஆகவே எங்கள் ஆலோசகர் எவருக்கும் மேடையில் நாற்காலி போடுவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்தோம். இது அவர்களில் எவரையும் புண்படுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், ஒருவர் அதனாலேயே சம்மதித்தார்.

இப்போது நால்வர் இருக்கிறார்கள். கணக்குப் பெரியவர் ஒருவர். தோட்டப்புறத்தில் நீண்ட காலம் பணிபுரிந்த குடும்ப நல உத்தியோகத்தரான ஓர் அம்மா. நுவரெலியாவில் தொழில் செய்யும் ஓர் இளம் பெண் சட்டத்தரணி. மட்டக்களப்பில் அரங்கியல் கற்பிக்கும் ஒருவர். அவர் வட்ஸ்அப் மூலம் கலந்துகொள்வார். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், இரண்டு மணித்தியாலம். இதற்கான உடன்பாடு ஒரே பக்கத்தில் எழுதப்பட்டு எல்லோராலும் கையொப்பமிடப்பட்டிருக்கிறது. பொறுப்பு ஒரு வருடத்துக்கு மட்டுமே. வாக்குரிமை தொண்டர்களுக்கு மட்டுமே. ஆலோசகர் நன்கொடை தரக்கூடாது, தந்தால் ஆலோசகராக இருக்க முடியாது. பஸ் கட்டணத்தை நாங்கள் கொடுத்துவிடுவோம். வசதியுள்ளவர்கள் வேண்டாம் என்றாலும் வற்புறுத்திக் கொடுக்கிறோம். இல்லாவிட்டால் நாளைக்கு வசதியற்ற ஒருவரின் ஆலோசனை எங்களுக்குக் கிடைக்காமல் போய்விடும்.

கேட்கும் முறையையும் நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. முதற் கூட்டத்தில் "உங்கள் மேலான ஆலோசனைகளை எதிர்பார்க்கிறோம்" என்று சொன்னோம். நால்வரும் நல்ல மனிதர்கள். ஆளுக்கு இருபது நிமிடம் பொதுவாகப் பேசினார்கள். எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. இரண்டாம் கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன்பே மூன்று கேள்விகளை எழுதி அனுப்பினோம். பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது எப்படி? மழைக் காலத்தில் நிகழ்வை ஒத்திவைப்பதை யார், எதை வைத்துத் தீர்மானிப்பது? வங்கிக் கணக்கு யாருடைய பெயரில் இருக்க வேண்டும்? அன்று நடந்த கூட்டம் வேறு மாதிரியானது.

முதற் கேள்விக்கு அந்த அம்மா பதில் சொன்னார். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறத் துணிப்பட்டி. அந்தப் பட்டி கட்டிய பிள்ளைகளைக் கூட்டி வந்து கூட்டிப் போக அந்தந்தப் பிரிவிலிருந்தே இரண்டு தாய்மார். ஒப்படைத்ததும் பட்டியலில் அடையாளம். எந்தத் தொண்டரும் எந்தப் பிள்ளையுடனும் மூடிய அறையில் தனியாக இருப்பதில்லை. பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளையின் படத்தை எவரும் முகநூலில் போடுவதில்லை. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தை மண்டபச் சுவரில் பிள்ளைகளின் கண் மட்டத்தில் எழுதச் சொன்னார். பெரியவர்களின் கண் மட்டத்தில் எழுதியிருந்ததை அழித்துவிட்டுக் கீழே எழுதினோம். "இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு எதற்கு, நாம் எல்லோரும் உறவுதானே" என்று ஒரு தொண்டர் கேட்டார். தம் பணிக்காலத்தில் கண்டவற்றை அந்த அம்மா விவரிக்கவில்லை. "உறவுக்குள்தான், மகன், பெரும்பாலும் நடக்கும்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு எவரும் மறுக்கவில்லை.

மழை பற்றிய கேள்வியை நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் எவரும் மறக்க முடியாது. அந்தச் சரிவு ஆபத்தானது, அங்கிருந்து மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது என்பது பிற்பாடு எல்லோருக்கும் தெரியவந்தது. ஆலோசனை இருந்தது. அதைக் கையிலெடுத்துச் செயற்படுத்தும் பொறுப்பு உரிய இடத்தில் நிறைவேறவில்லை. எங்கள் மண்டபமும் வெட்டிய மண் திட்டு ஒன்றின் கீழேதான் இருக்கிறது. முந்நூறு பிள்ளைகளை அதற்குள் வைத்துக்கொண்டு, "மழை சற்று விட்டுவிடும்" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்ற மாலைகள் எத்தனையோ. சட்டத்தரணியின் யோசனைப்படி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தை அணுகினோம். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்ற மூன்று படிநிலை மண்சரிவு எச்சரிக்கைகளின் பொருளையும், 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தாலே விழிப்பாக இருக்க வேண்டும் என்பதையும் அங்குதான் தெளிவாக அறிந்துகொண்டோம். "மழையை எப்படி அளப்பது?" என்று நாங்கள் கவலைப்பட்டபோது, கணக்குப் பெரியவர், "உங்கள் தோட்டத்து ஒபிசில் மழைமானி இருக்குமே, காலையில் கிளாக்கர் குறித்து வைப்பாரே" என்றார். இருந்தது. நான் பிறந்த நாள் முதல் அந்த முற்றத்தைக் கடந்துதான் போய் வந்திருக்கிறேன். பூச்செடிகளுக்கு நடுவில் நிற்கும் அந்தச் செப்புக் குழாய் எதற்கென்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது போயா தினக் காலையில் எங்கள் தொண்டர் ஒருவர் கிளாக்கரிடம் அளவைக் கேட்டு வருகிறார். 75ஐத் தாண்டினாலோ, எங்கள் பிரதேசத்துக்கு எந்த நிற எச்சரிக்கையேனும் விடுக்கப்பட்டிருந்தாலோ, நிகழ்வு இல்லை. தீர்மானிக்க வேண்டியவரின் பெயர் அந்தந்த மாதத்துக்கு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். வாக்குவாதத்துக்கு இடமில்லை. இதுவரை இரண்டு முறை நிறுத்தியிருக்கிறோம். இரண்டு முறையும் எதுவும் நடக்கவில்லை. சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருவர் கையொப்பமிடும் கணக்கு, பற்றுச்சீட்டுப் புத்தகம், மாதந்தோறும் மண்டபக் கதவில் ஒட்டப்படும் வரவு செலவு. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்வதா என்பதில் எங்களுக்குள் இன்னும் இரண்டு கருத்து இருக்கிறது. பதிவு செய்தால் உரிமைகளோடு அறிக்கை சமர்ப்பிக்கும் பொறுப்புகளும் வரும் என்பதால், முதலில் யாப்பை எழுதி ஒரு வருடம் அதன்படி நடந்து பார்த்துவிட்டுப் பிறகு பதிவைப் பற்றி யோசியுங்கள் என்றார் சட்டத்தரணி. எனக்கு அது சரியாகவே படுகிறது. தோட்டத்து மரண உதவிச் சங்கங்கள் காகிதத்தை விட வழக்கத்தை நம்பியே காலங்காலமாக நடந்து வருவதை நான் கண்டிருக்கிறேன்.

ஆலோசனை எல்லாவற்றையும் நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. வருமானத்துக்காகத் தலைக்கு ஐம்பது ரூபாய் அனுமதிச் சீட்டு வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கணக்கின்படி அது சரி. ஆனால் மூன்று பிள்ளைகள் உள்ள தாய் ஒருவர் யாரை அனுப்புவது, யாரை வீட்டில் நிறுத்துவது என்று வாசலில் நின்று யோசிக்கும் நிலையை நாங்கள் உண்டாக்க விரும்பவில்லை. மறுத்தோம். ஏன் மறுத்தோம் என்பதை எழுத்தில் தருமாறு யோசனை சொன்னவரே கேட்டார். எழுதிக் கொடுத்தோம். அதிலிருந்து அதுவே விதியாகிவிட்டது. எந்த ஆலோசனைக்கும் ஒரு மாதத்துக்குள் ஏற்கிறோம் அல்லது இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்று பதில் போக வேண்டும். கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பதைப் போல ஆலோசகரை அவமதிக்கும் செயல் வேறில்லை.

எனக்கு மிகவும் வேதனையளித்த விடயம், ஆலோசகர்கள் தொண்டர்களைத் தனித்தனியாகச் சந்தித்தபோது வெளிவந்தது. கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் எங்கள் பெண்பிள்ளை ஒருத்தி ஒவ்வொரு மாதமும் போயாவுக்கு முந்திய இரவு புறக்கோட்டையில் பஸ் ஏறி, விடியும் நேரத்தில் அட்டன் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துத் தோட்டத்துக்கு வந்து, பகலெல்லாம் மண்டபத்தைக் கூட்டிக் கழுவி, இரவு நிகழ்வு முடிந்தவுடனே திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். மறுநாள் காலை கடை திறக்கும்போது நிற்க வேண்டும். பயணச் செலவும் பிள்ளைகளின் பரிசுப் பொருட்களும் அவள் சம்பளத்திலிருந்து. "அடுத்த மாதம் வரவேண்டாம், ஓய்வெடு" என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை, ஏனெனில் அவள் எப்போதும் சிரித்த முகத்தோடு வந்தாள். நாங்கள் அவளைப் பாராட்டி மேடையில் பேசியிருக்கிறோம். அவள் பட்ட பாட்டைக் கேட்டறிந்தது வெளியிலிருந்து வந்த ஒருவர். இப்போது எவரும் தொடர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் பொறுப்பில் இருப்பதில்லை. நான்காம் மாதம் அவர் பார்வையாளராக முன்வரிசையில் அமர வேண்டும்.

வளர்ச்சியைப் பற்றியும் ஒரு சொல். ஆறு பிரிவுகளுக்கு அப்பால் இன்னும் சில தோட்டங்களிலிருந்து "இங்கேயும் வந்து நடத்துங்கள்" என்று அழைத்தபோது, எங்களில் இளையவர்கள் எல்லா இடத்துக்கும் போய்விட வேண்டும் என்று துடித்தார்கள். அந்தத் துடிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அரங்கியல் ஆசிரியர்தான் தடுத்தார். அழைக்கும் தோட்டத்திலிருந்து நான்கு இளைஞர்கள் மூன்று மாதம் எங்களோடு வந்து வேலை செய்யட்டும், பிறகு அவர்கள் தோட்டத்தில் அவர்களே, அவர்களுக்குப் பிடித்த விதத்தில் நடத்தட்டும் என்றார். இரண்டு தோட்டங்களில் அப்படித் தொடங்கினார்கள். ஒன்று நன்றாக நடக்கிறது. மற்றது இரண்டு மாதத்தில் நின்றுவிட்டது. நின்றதற்கான காரணங்களை அவர்கள் மறைக்காமல் எங்களுக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். அந்தக் கடிதமும் எங்கள் கூட்டக் குறிப்புகளோடு பத்திரமாக இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, இக்கடிதத்தின் மூலம் சிலரிடம் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். தோட்டப் பாடசாலைகளில் படித்து, வங்கிகளிலும் வைத்தியசாலைகளிலும் பிரதேச செயலகங்களிலும் பாடசாலைகளிலும் பணியாற்றி ஓய்வுபெற்று, இன்று கண்டியிலும் கொழும்பிலும் கடல் கடந்தும் வாழும் மலையகத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர்கள் நினைக்கும்போதெல்லாம் பணமும் பாடசாலைப் பைகளும் அனுப்புகிறார்கள். அதற்கு நன்றி. அத்தோடு, மூன்று மாதத்துக்கு இரண்டு மணித்தியாலத்தையும், நயமாகப் பேசிச் சமாளிக்காமல் கேள்வி கேட்கும் மனத்தையும் தாருங்கள். பேராதனையிலும், 2005இல் பதுளையில் அமைக்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திலும் முகாமைத்துவம், கணக்கியல் கற்கும் எங்கள் பிள்ளைகளும் தங்கள் பயிற்சிக்காகவேனும் இத்தகைய குழுக்களின் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். பிரதேச செயலகங்களின் கலாசார உத்தியோகத்தர்கள் போட்டி முடிவுகளைப் பதிவு செய்வதோடு நின்றுவிடாமல் தோட்டங்களுக்கு வந்து அமர்ந்து பேச வேண்டும். பிரதேச சபைகளின் நிதியைத் தோட்டப்புறங்களில் செலவிடுவதற்கு இருந்த சட்டத் தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கிவிட்டது. "தோட்டம் எங்கள் எல்லைக்குள் வராது" என்ற பழைய பதிலை உறுப்பினர்கள் இனியும் சொல்லக்கூடாது. எங்கள் மண்டபத்துக்குப் போகும் படிக்கட்டில் ஒரு விளக்குக் கம்பத்தை நட அவர்களால் முடியும்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாள், ஒரு சிறு இடத்தை ஒதுக்குங்கள். இன்ன ஊரில் இன்ன குழுவுக்கு இன்ன விடயத்தில் ஆலோசனை தேவை என்று அவர்கள் எழுதட்டும். உதவக்கூடியவர்கள் உங்கள் அலுவலகத்தின் மூலம் தொடர்பு கொள்ளட்டும். மரண அறிவித்தல்களுக்கு அருகில் நாலு வரிக்கு இடமிருந்தாலே போதும்.

எங்கள் அடுத்த ஆலோசனைக் கூட்டத்துக்கு ஒரே ஒரு கேள்வியை அனுப்பியிருக்கிறோம். தொடங்கிய மூவரும் பொறுப்பிலிருந்து விலகுவதற்கு ஒரு திகதி குறிக்க வேண்டும். அதற்கு முன் யாருக்கு என்னென்னவற்றைக் கற்றுக்கொடுத்து முடித்திருக்க வேண்டும் என்பதே அக்கேள்வி. அந்த மூவரில் நானும் ஒருத்தி. எழுதும்போது கை சற்றுத் தயங்கியது என்பதை மறைக்கவில்லை. மண்டபத்துச் சாவிக்கு மாற்றுச் சாவிகள் மூன்று வெட்டியாகிவிட்டது. அவற்றில் ஒன்று, அன்றிரவு நாங்கள் தேடித் திரிந்த பிள்ளையின் தாயிடம் இருக்கிறது. அவர் இப்போது மேட்டு லயத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பான இருவரில் ஒருவர்.

இங்ஙனம்,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
பொகவந்தலாவை.